நம்பரைக் குறைக்க மலையேறிய பெட்டி

கோணப்பாறை லாரி ஸ்டாண்டில் ஐந்து பேர். ஐவரும் சொந்த லாரிக்காரர்கள், ஐவரும் தங்கமானவர்கள். மூளையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நானும் அந்த ஊரில் சோறு தின்றவன். தன் லாரி இருக்கும்போது அடுத்தவர் லாரியில் ஏறி உட்காருவது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றாலும் ஐந்து லாரி போகும்.

ஸ்டாண்டு முனையில், காற்றில் எவ்வளவு அழுக்கு என்று அளக்கும் பெட்டி ஒன்று கம்பத்தில் இருந்தது. அதில் எந்நேரமும் நம்பர் இருநூறுக்கு மேல்தான். பிள்ளைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். அரசாங்கம் புதுக் கொள்கை போட்டது. அதிகாரி மலர்க்கொடி வந்து, பழைய லாரி ஒன்றை ஒப்படைத்தால் கரண்ட் லாரி ஒன்று தருவதாகச் சொன்னார். ஒரு மாதத்தில் நம்பர் நூறுக்குக் கீழே வராவிட்டால் கரண்ட் லாரியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஸ்டாண்டையும் மூடிவிடுவார்களாம்.

குப்பண்ணன் தன் லாரியைக் கொடுத்தார். இருபது வருஷம் சோறு போட்ட வண்டி. உடைக்க இழுத்துப் போனபோது மனுஷர் தேம்பித் தேம்பி அழுதார், எனக்கே பாவமாக இருந்தது. இனி ஸ்டாண்டை மூடிவிட்டால் அவருக்குப் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

பழைய லாரி செய்ததையெல்லாம் இனி புதுசுதான் செய்ய வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். பழைய லாரி காலையில் தள்ளினால்தான் நகரும். ஆகவே மற்ற நாலு பேரும் புது லாரியைத் தினமும் டீக்கடை வரை தள்ளிவிட்டார்கள். பழையது செவ்வாய்க்கிழமை தவறாமல் புளியமரத்தடியில் பழுதாகி நிற்கும். குப்பண்ணனும் செவ்வாய்தோறும் அங்கே நிறுத்தி, அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்து எழுந்து வந்தார்.

புது லாரியில் சத்தமே இல்லை. ஆளும் மாடும் எப்படி ஒதுங்கும் என்று அங்கமுத்து தன் லாரியை முன்னால் விட்டு ஹாரன் அடித்தார். நடுவழியில் நின்றுவிட்டால் இழுக்க வேண்டுமே என்று நாச்சிமுத்து கயிறோடு பின்னால் போனார். துணைக்கு ராக்கியண்ணன் ஒரு லாரியில். இதையெல்லாம் மேற்பார்வை பார்க்கத் தலைவர் செங்கோடன் இன்னொரு லாரியில். ஒரு லோடு சிமெண்ட்டுக்கு ஐந்து லாரி. நம்பர் இருநூற்று நாற்பதுக்குப் போனது.

மாதக் கடைசியில் அதிகாரி வந்து அளக்கும் ஆய்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது கூட்டம் போட்டார்கள்.

"கரண்டு லாரி வந்தும் நம்பர் ஏறுதுன்னா, குத்தம் லாரி மேல இல்லீங்க," என்றார் செங்கோடன்.

"அப்பறம் யாரு மேலங்க?" என்றார் அங்கமுத்து.

"பொட்டிக்குச் சீக்குங்க. பொழுதன்னைக்கும் பொகைக்குள்ளயே நின்னா அது என்ன பண்ணும்? நாமளா இருந்தா இருமியே செத்திருப்போம்."

எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. செங்கோடனின் மாமனார் நெஞ்சுச் சளிக்குக் குருவிமலை போய்த் தேறி வந்தவர். பெட்டியையும் அங்கே கூட்டிப்போவது என்று முடிவானது.

ஆய்வு நாளன்று விடிகாலையில் பெட்டியைக் கழற்றி, துண்டில் சுற்றி, செங்கோடன் மடியில் வைத்துக்கொண்டார். நாலு பேர், நாலு லாரி. கரண்ட் லாரி அன்றைக்கு ஸ்டாண்டிலேயே நிற்க வேண்டும் என்பது அதிகாரி உத்தரவு என்பதால் குப்பண்ணன் மட்டும் தங்கினார்.

பத்து மணிக்கு மலர்க்கொடி வந்தார். அன்றைக்குத்தான் டீக்கடைக்காரருக்குத் தன் வடையின் வாசனையே தெரிந்தது.

"மத்தவங்கல்லாம் எங்கண்ணா?"

"நம்பரைக் கொறைக்கப் போயிருக்காங்கம்மா."

"கம்பத்துல பெட்டியைக் காணோமே?"

"அதையும் கூட்டிட்டுத்தான் போயிருக்காங்க."

ரிப்பேருக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்ட அதிகாரி, கையோடு கொண்டுவந்த கருவியில் அளந்தார். நாற்பத்திரண்டு. நம்ப முடியாமல் இன்னொரு தரம் அளந்தார். அதே நாற்பத்திரண்டு. குப்பண்ணன் கரண்ட் லாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஸ்டாண்டை மூட மாட்டோம்ணா. இன்னிக்கு என்ன செஞ்சீங்களோ, அதையே தினமும் செய்யுங்க," என்றார் அதிகாரி.

மலையிலோ, இன்ஜினை அணைத்தால் அந்த மேட்டில் தள்ள ஆள் கிடைக்காது என்று நாலு லாரியையும் ஓடவிட்டே பெட்டியைச் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். நம்பர் முந்நூற்றுப் பத்து. எல்லாம் போயிற்று என்று செங்கோடன் போனில் விம்மினார். குப்பண்ணன் ஊர் நிலவரத்தைச் சொன்னார்.

"அப்பப் பொட்டி பொய் சொல்லுதுங்களா?" என்றார் செங்கோடன்.

"பொய் இல்லீங்க. இன்னும் தேறலை. நெஞ்சுச் சளி ஒரே நாள்ல எறங்குமா?"

அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் நாலு லாரியும் பெட்டியை மலைக்குக் கூட்டிப்போய், பொழுது சாய்ந்ததும் கூட்டிவருகின்றன. கோணப்பாறையில் காற்று அருமை. குருவிமலைக்காரர்கள் இருமிக்கொண்டே தங்களுக்கும் ஒரு கொள்கை வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார்கள்.

கரண்ட் லாரி மட்டும் சிமெண்ட் லோடோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. காலையில் தள்ளிவிட ஆள் வேண்டுமே, எல்லோரும்தான் மலைக்குப் போய்விடுகிறார்கள்.