புல்வெளியின் நடுவே

மலைமேல் இருக்கும் அந்த ஊரில் தில்லைநாயகி அம்மையின் மடம் சிறியது. ஒரு கூடம், ஒரு சமையலறை, வந்தவர்கள் படுக்க இரண்டு அறைகள். அங்கே சீடராக வந்து சேர்ந்த ஆறுச்சாமி குருவான அம்மையைவிட வயதில் மூத்தவர். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

ஆறுச்சாமி மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி துளசிமணி ஆடியில் தவறிப்போனாள். ஆவணியில் மடத்துக்கு வந்தார். தை பிறந்தும் மனசு ஆறவில்லை. ஒருநாள் காலையில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருவின் முன் வந்து நின்றார்.

"கீழ போறேனுங்கம்மா. காலை பஸ்ஸுக்கு."

"என்னாச்சுங்கண்ணா?"

"எது கண்ணுக்கு அழகாத் தெரிஞ்சாலும் நெஞ்சுல குத்துது. நேத்து வாசல்ல ஒரு குருவி வந்து உட்கார்ந்துச்சு. மஞ்சக் கழுத்து. எந்திரிச்சு உள்ள போயிட்டேன். அவ இல்லாம நான் மட்டும் எப்படிப் பார்க்கறது? துரோகம் பண்ற மாதிரி இருக்குதுங்க. கீழ வீட்டுல பார்க்க ஒண்ணுமில்ல. சுவரும் கட்டிலும்தான். எனக்கு அதுதான் சரி."

குரு மறுக்கவில்லை. உள்ளே போய் ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் பூங்கா வழியாவும் போலாம். நானும் வர்றேன்."

"பனிக்காலத்துல பூங்கால என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இருக்காது. உங்களுக்கு வசதிதானே."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

குரு சொன்னது உண்மைதான். பூச்செடிகளைப் பனி தாக்காமலிருக்கப் பாத்திகளின் மேல் மிலார் என்னும் புதர்ச்செடியின் காய்ந்த கொப்புகளைப் போர்த்தி வைத்திருந்தார்கள். ரோஜாக்களைக் கவாத்து செய்து வெறும் குச்சியாக விட்டிருந்தார்கள். பெஞ்சுகளில் ஆள் இல்லை. ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பெரிய புல்வெளி வந்தது. பாதை அதைச் சுற்றிக்கொண்டு போனது. வெளிவாசல் நேர் எதிரே தெரிந்தது.

"நான் முன்னால போறேனுங்க," என்று சொல்லிவிட்டு அவர் புல்லில் இறங்கிக் குறுக்கே நடந்தார். காலடியில் நொறுக் நொறுக்கென்று கேட்டது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

பாதி தூரம் போனதும் பாத்திகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண் சத்தம் போட்டாள்.

"பெரியவரே, நில்லுங்க! பனி உறைஞ்ச புல்லு. மிதிச்ச இடம் கருகிப் போயிரும். போன வாரம் ஒருத்தர் போட்டோ எடுக்க ஓடுனாரு. அந்தா பாருங்க, இன்னும் கறுப்பாக் கெடக்குது."

ஆறுச்சாமி திரும்பிப் பார்த்தார். வெள்ளை விரித்தாற்போல் கிடந்த புல்லில் அவருடைய செருப்புத் தடம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

"இப்ப எப்படிம்மா வெளிய வர்றது?"

"எந்தப் பக்கம் வந்தாலும் கருகும். வந்த தடத்துலயே திரும்ப மிதிச்சா வேரோட போயிரும், குழாயும் அங்க எட்டாது. வெயில் வந்து பனி கரையணும். இல்ல, மிதிச்சுட்டுத்தான் போவேன்னா போங்க. நான் என்ன பண்ணட்டும்?" அவள் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

குரு ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நடந்துடுங்கண்ணா. யாரும் பிடிக்க மாட்டாங்க."

ஆறுச்சாமி வலது காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று பார்த்தார். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் உப்பை ஒட்டவைத்ததுபோல் பனி. காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"நின்னுக்கறேனுங்க."

குரங்குக் குல்லா போட்ட இரண்டு பேர் அந்த வழியாக நடந்து வந்தார்கள். ஒருவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னங்கம்மா, பூங்காவுல புதுசாச் சிலை வெச்சிருக்காங்களா?"

"ஆமாங்க," என்றார் குரு. "திறப்பு விழா இன்னும் ஆகலை."

ஆறுச்சாமிக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. நிற்பதைத் தவிர. குனிந்தால் புல், நிமிர்ந்தால் மலை. தைல மரங்களின் உச்சியில் மட்டும் வெயில் இருந்தது. அது கிளை கிளையாக இறங்கியது. அடிமரம்வரை வந்து புல்வெளியின் ஓரத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் வெள்ளை போய்ப் பச்சை வந்தது. பச்சையிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது.

வாசலுக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அது எந்த பஸ் என்று அவருக்குத் தெரியும். அவர் திரும்பவில்லை.

"அம்மா, அந்த ஓரத்துல பாருங்க. புல்லு புகையுது."

"பார்க்கறேங்கண்ணா."

"அந்தச் செடிக்குக் கீழ சிலந்தி வலை. பனி அதுலயும் உறைஞ்சிருக்கு, பாருங்க. இப்பப் பாருங்க, வெயிலு இங்க வருது. வந்துருச்சு."

அவர் கையை நீட்டிக் காட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. வெயில் அவருடைய செருப்பின்மேல் ஏறி, முழங்காலுக்கு வந்தது.

சுற்றிலும் பனி கரைந்து புல் ஈரமாக மினுங்கியதும் மெதுவாக நடந்து ஓரத்துக்கு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இப்ப நான் பேசினது என் பேச்சு இல்லீங்க. துளசி பேச்சு."

"எப்படி?"

"நான் ஓட்டற பஸ்ல முன் சீட்டுல ஏறிக்குவா. மேகத்தப் பாருங்க, அருவியப் பாருங்கன்னு கைய நீட்டிக்கிட்டே வருவா. கொண்டை ஊசி வளைவுல நான் எங்க பார்க்கறது? ரோட்டைத்தான் பார்ப்பேன். சும்மா வா புள்ளன்னு சொல்லுவேன். அவளும் விடமாட்டா, நானும் திரும்பமாட்டேன். அவ பாருங்கன்னு சொன்னப்ப பார்க்காதவன், அவ போனப்புறம் நின்னு பார்க்கறேன். இது எந்த ஊரு நியாயமுங்க?"

குரு ஃபிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி அவர் கையில் கொடுத்தார்.

"பாருங்கன்னு சொன்னாங்க, சரி. எப்பன்னு சொன்னாங்களா?"