தேவசகாயம் அறுத்த சைக்கிள்

இந்தக் கதையைச் சௌரிராஜன் பதினோரு வருடம் நம்பவில்லை. நம்பினால் தன் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

சொன்னவர் உலகநாதன். ராணிப்பேட்டையில் ராஜாளி சைக்கிள் கம்பெனியில் பிரேம்களைச் சோதிப்பவராக இருந்தார்.

ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் ராஜாளி நின்றால் மேற்கொண்டு விசாரிக்காமல் பெண் கொடுத்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது. சோதனையில் தேறாத பிரேமை, தலைமைச் சோதனையாளர் தேவசகாயம் தம் கையாலேயே ரம்பம் வைத்து இரண்டாக அறுத்துப் போடுவார். அறுத்ததை யாரும் பெயிண்ட் அடித்து விற்க முடியாது. உலகநாதன் அவரைவிட இரண்டே வயது இளையவர். ஆனாலும் அவருக்குச் சீடர்.

முதலாளியின் பேரன்கள் கம்பெனியை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த நிறுவனம் அனுப்பிய மேனேஜர்தான் சௌரிராஜன். ரம்பத்தை ஸ்டோரில் ஒப்படைக்கும்படி உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அதன் பிறகு தேறாத பிரேமிலும் ராஜாளிப் பித்தளை முத்திரை ஏறியது.

முதல் வருடம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் வருடம் ஆற்காட்டில் ஒரு தபால்காரர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிரேம் முறிந்து, முன்பல் இரண்டும் போயின. ராஜாளி வாங்கினால் கூடவே பல் டாக்டரையும் பார்த்து வை என்று கடைத்தெருவில் கேலி கிளம்பிற்று.

உலகநாதன் குருவிடம் கேட்டாராம்: எது நல்லது, எது கெட்டது என்று நமக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

 மறுநாள் தேவசகாயம் வீட்டிலிருந்து ஒரு ரம்பம் கொண்டுவந்தார். ஸ்டாண்டில் நின்ற தம் சொந்த ராஜாளியைக் கவிழ்த்துப் போட்டார். இருபத்தாறு வருடம் ஓட்டிய வண்டி. அறுக்க ஆரம்பித்தார்.

கூட்டம் கூடியது. தேவசகாயம் மேஸ்திரிக்கு ஏதோ ஒரு நட்டு கழன்றுவிட்டது என்று ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

உலகநாதன் அவர் கையைப் பிடித்தார்.

"இதுல என்ன பழுது மேஸ்திரி?"

"ஒரு பழுதும் இல்ல உலகு. பேரு அதேதானே."

அன்று சௌரிராஜன் சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். திரும்பியதும் கேள்விப்பட்டுச் சிரித்தார். மேஸ்திரி வண்டியை விற்றிருப்பார், மிச்சமெல்லாம் ஆட்கள் கட்டிவிட்ட கதை என்று சொல்லிவைத்தார். அதையே தனக்கும் சொல்லிக்கொண்டார்.

மூன்று வருடத்தில் ஆலை மூடப்பட்டது. அவர் வேலையும் போயிற்று. நிறுவனம் பெயரை மட்டும் வேறொருவருக்கு விற்றது. இப்போது ராஜாளி என்பது குழந்தைகள் கூடத்தில் உருட்டுகிற பிளாஸ்டிக் வண்டி.

சென்ற மாதம் தேவசகாயம் இறந்துபோனார். அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் உலகநாதன் தனியாக உட்கார்ந்திருந்தார். சௌரிராஜன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கேட்க நிறைய வைத்திருந்தார். அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் வேறு யார்? துண்டுகள் எங்கே போயின? மேஸ்திரி தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? வாய் வரை வந்த எதையும் அவர் கேட்கவில்லை. உலகநாதனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் சௌரிராஜன் கேட்டார்:

"அன்னிக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்கு எப்படிப் போனார்?"