கீழே வைத்த கோப்பை

ஜெருசலேமின் பழைய நகரில் சூஃபிகள் கூடும் ஒரு தைக்கா இருந்தது. அதன் ஷேக் முனீபுக்கு வயது நாற்பதுதான். சீடர்களில் மூத்தவரான அபூ மாஹிர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஷேக் சிறுவனாக இருந்தபோது அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர் அபூ மாஹிர். ஒரு வருடம் தேர்வில் தோற்கவும் வைத்தவர். "அன்று பெஞ்சு மேல் ஏற்றினாய், இன்று காலடியில் உட்கார்ந்திருக்கிறாய்" என்று கடைத்தெருவில் மசாலாக் கடைக்காரர் கேலி பேசுவார். அபூ மாஹிர் காதில் விழாததுபோலப் போய்விடுவார். ஷேக்கும் பழைய வழக்கத்தை விடவில்லை. தன் சீடரை இன்னும் "உஸ்தாத்", அதாவது ஆசிரியர், என்றே கூப்பிட்டார்.

வியாழக்கிழமைகளில் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு ஊரார் தங்கள் வழக்குகளோடு ஷேக்கைப் பார்க்க வருவார்கள். வருகிறவர்களுக்குக் காபி போடுவது அபூ மாஹிரின் வேலை. ஏலக்காய் தட்டிப் போட்டு, சர்க்கரை சேர்த்து, பித்தளைக் கூஜாவில் கொதிக்கவைத்து, பிடியில்லாத சின்னக் கோப்பைகளில் ஊற்றுவார்.

ஒரு வியாழக்கிழமை, யாரும் வருவதற்கு முன், அவர் கேட்டார்.

"ஷேக், ஒரு போர் முடிந்துவிட்டது என்று எதைக்கொண்டு சொல்வது?"

"வரலாற்று வாத்தியார் நீங்கள். என்னைக் கேட்கிறீர்களே."

"வாத்தியாராக இருந்தவரை தெரியும் என்றுதான் நினைத்தேன். நாற்பத்தெட்டு, ஐம்பத்தாறு, அறுபத்தேழு, எழுபத்துமூன்று. ஒவ்வொன்றுக்கும் கரும்பலகையில் தொடங்கிய தேதி எழுதினேன், முடிந்த தேதி எழுதினேன். நாற்பத்தெட்டை நாம் பேரழிவு என்கிறோம், இஸ்ரேல்காரர்கள் விடுதலை என்கிறார்கள். இரண்டையும் எழுதிப் போட்டதற்குத் தலைமையாசிரியரிடம் திட்டும் வாங்கினேன். பெயரில்தான் சண்டை வந்தது. முடிந்த தேதியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இப்போது பார்த்தால் அதுதான் தப்பாக இருக்கிறது."

"காபி பொங்குகிறது, உஸ்தாத்" என்றார் ஷேக்.

அபூ மாஹிர் கூஜாவை இறக்கினார். அப்போதுதான் அந்த மனிதர் படியேறி வந்தார்.

தலை நரைத்தவர். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சலாம் சொன்னார். அரபி சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஊர் அரபி இல்லை.

"என் பெயர் மெனாஷே. யூதன். பாக்தாதில் பிறந்தவன். அங்கிருந்து எங்களைத் துரத்தியபோது எனக்கு ஐந்து வயது."

"உட்காருங்கள்" என்றார் ஷேக்.

அபூ மாஹிர் கோப்பையை நீட்டினார். மெனாஷே வலது கையால் வாங்கி, குடிக்காமல், தன் முன்னால் தரையில் வைத்தார்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. விருந்தாளி கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டால், அவர் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருள். "குடியுங்கள், தந்தேன்" என்று வீட்டுக்காரர் சொல்லாமல் அவர் அதைத் தொடமாட்டார். சொல்லிவிட்டால் வீட்டுக்காரர் பின்வாங்க முடியாது. பெண் கேட்டு வருகிறவர்களும் கொலைப்பகையைச் சமாதானமாக முடிக்க வருகிறவர்களும் இப்படித்தான் கேட்பார்கள்.

"கேளுங்கள்" என்றார் ஷேக்.

"அறுபத்தேழு ஜூனில் எங்கள் படை இந்த நகரத்துக்குள் வந்தது. நான் அதில் இருந்தேன். புதன்கிழமை. எண்ணெய்க் கடைத் தெரு முனையில் நின்றேன். திருப்பத்தில் ஏதோ அகலமாக, ஆள் உயரத்துக்கு மேல் வந்தது. நிழல்தான் முதலில் தெரிந்தது. சுட்டேன். தலையில் ரொட்டித் தட்டு சுமந்து வந்த பையன். எள் ரொட்டி தெரு முழுக்க உருண்டது."

அபூ மாஹிரின் கை கூஜாவின் மேல் அப்படியே நின்றது.

"அந்தப் பையனின் வீடு எது என்று தெரியவேண்டும். போய் ஒரு நாழிகை உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். கடைத்தெருவில் கேட்டேன். எனக்கு யார் சொல்வார்கள்? உங்களிடம் போகச் சொன்னார் ஒருவர்."

ஷேக் அபூ மாஹிரின் பக்கம் திரும்பவில்லை. விருந்தாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். "குடியுங்கள்" என்று சொல்லவுமில்லை.

வெகுநேரம் கழித்து மெனாஷே எழுந்தார். "அடுத்த வியாழன் வரலாமா?"

"வாசல் திறந்துதான் இருக்கும்."

அவர் போனதும் அபூ மாஹிர் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றினார். திரும்பி வந்து கேட்டார்.

"அடுப்பை அணைத்துவிடவா?"

"இன்னும் ஆட்கள் வருவார்கள், உஸ்தாத்."

"தைக்காவில் சேர்ந்த அன்றே உங்களிடம் சொன்னேன். அந்த முனையில் செத்தவன் என் அண்ணன் ஜமீல். ரொட்டிக் கடையில் வேலை. தெருவில் சண்டை நடக்கிறது, போகாதே என்றாள் அம்மா. மாவு பிசைந்தாகிவிட்டது, ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று போனான். எல்லாம் தெரிந்தும் அந்த ஆளை உட்காரவைத்தீர்கள்."

"வீட்டுக்கு வந்தவர்."

"அப்படியானால் கேட்டதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே."

"அவர் கேட்டது என்னிடம் இருக்கிறதா?"

அபூ மாஹிர் கோப்பையைக் கழுவப் போனார்.

அடுத்த வியாழன் மெனாஷே வந்தார். கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். வேறு வழக்குகள் நடந்தன. சுவர்த் தகராறு, மருமகள் தகராறு. அவர் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காபி ஆறுகிறது, கவாஜா" என்றார் அபூ மாஹிர் ஒருநாள். கவாஜா என்பது அந்நியரைக் கூப்பிடும் சொல். மரியாதையும் இருக்கும், எட்டியே நில் என்பதும் இருக்கும்.

"பரவாயில்லை."

"உங்களுக்குப் பரவாயில்லை. வாராவாரம் சாக்கடைக்கு விருந்து வைப்பது நான்."

மெனாஷே கோப்பையைப் பார்த்தார். "ஒன்றை அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன். இரண்டு நாளாக நாங்கள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. உருண்ட ரொட்டியில் ஒன்று என் காலடியில் வந்து நின்றது. எடுத்துச் சாப்பிட்டேன். இன்னும் சூடாக இருந்தது."

அபூ மாஹிர் கூஜாவை வைத்துவிட்டு வெளியே போனார்.

கால்கள் எண்ணெய்க் கடைத் தெரு முனைக்குத்தான் இட்டுச் சென்றன. நாற்பது வருடமாக அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனார், சந்தைக்குப் போனார், தொழப் போனார். அறுபத்தேழுப் போரைப் பாடம் நடத்தும்போது நீரிணையை மூடியதையும் விமான தளங்கள் எரிந்ததையும் சொல்வார். இந்த முனையைச் சொன்னதில்லை.

முனையில் இரும்புத் தடுப்பு போட்டு மூன்று சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவன் எள் ரொட்டியைக் கடித்தபடியே கை நீட்டினான்.

"அடையாள அட்டை."

கொடுத்தார். அட்டையைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை சரியாக முளைக்காத முகம்.

"என்ன பார்க்கிறாய், கிழவா?"

"ரொட்டி எங்கே வாங்கினாய்?"

"அதோ, அந்த வண்டியில்." அவனுக்குக் குழப்பமாக இருந்தது. "ஏன்?"

"சூடாக இருக்கிறதா?"

அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான்.

அபூ மாஹிர் தைக்காவுக்குத் திரும்பியபோது மெனாஷே போயிருந்தார். ஷேக் தானே கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுக்கு அது நினைவு, ஷேக். ஒரு நாள் வரும், ஒரு நாள் போகும். எனக்கு அது தெருமுனை. அட்டையைக் காட்டித்தான் தாண்டவேண்டும்."

"ஆமாம்" என்றார் ஷேக்.

"மன்னித்துவிடு என்று சொல்லுங்களேன். சொல்வதற்குத்தானே ஷேக்."

"வரலாற்றில் நீங்கள் எனக்குப் போட்ட மதிப்பெண் நினைவிருக்கிறதா?"

"பதினெட்டு."

"தெரியாத கேள்விக்கு நானாக ஏதோ எழுதி வைத்திருந்தேன். அதற்குத்தான் அடித்தீர்கள்."

அபூ மாஹிருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டார்.

அடுத்த வியாழன் அவர் சீக்கிரமே வந்து அடுப்பு மூட்டினார். சர்க்கரை டப்பாவை எடுத்தார், திறக்காமல் அலமாரியில் திருப்பி வைத்தார். ஏலக்காயும் போடவில்லை. காபியைக் கறுப்பாக, கெட்டியாகக் காய்ச்சினார். வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்துத் தட்டில் பேரீச்சம்பழங்களைப் பரப்பினார்.

ஷேக் பார்த்தார். மற்றவர்களை இன்னொரு நாள் வரச்சொல்லி வாசலிலேயே அனுப்பிவிட்டார்.

மெனாஷே வந்து தன் மூலையில் உட்கார்ந்தார். அபூ மாஹிர் கோப்பையைக் கொடுத்தார். அவர் வழக்கம்போல் கீழே வைத்தார். பிறகு பேரீச்சம்பழத் தட்டு வந்தது.

மெனாஷே தட்டைப் பார்த்தார். குனிந்து காபியை முகர்ந்தார். சாவு வீட்டில் கசப்புக் காபியும் பேரீச்சம்பழமும்தான் கொடுப்பார்கள், பாக்தாதிலும் அப்படித்தான். நிமிர்ந்து அபூ மாஹிரைப் பார்த்தார்.

"வீடு இதுதானா?"

"அண்ணன். பெயர் ஜமீல்."

"ஜமீல்" என்றார் மெனாஷே. அந்தப் பெயரை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

அவர் கை கோப்பையை நோக்கிப் போய், பாதியில் நின்றது. அபூ மாஹிருக்கு அது ஏன் என்று தெரிந்தது. கேட்டு வந்தவன், கொடுத்தேன் என்ற சொல் வராமல் குடிக்கக்கூடாது. சாவு வீட்டுக்கு வந்தவன், கொடுத்த காபியைக் குடிக்காமல் இருக்கக்கூடாது. குடித்தால் அத்துமீறல். குடிக்காவிட்டால் இறந்தவனுக்கு அவமரியாதை.

கை கோப்பையைத் தொடவுமில்லை, பின்வாங்கவுமில்லை. அபூ மாஹிர் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

"மன்னிப்புக் கேட்டு வந்தீர்களா?"

"இல்லை. அதைக் கேட்க எனக்கு வாயில்லை. துக்கம் விசாரிக்க வந்தேன். நாற்பது வருடம் தாமதம்."

"மற்றவர்களும் தாமதம்தான். அன்று ஊரடங்கு. மூன்று நாளும் அம்மா கசப்புக் காபி போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவராலும் வெளியே வரமுடியவில்லை. சாயங்காலம் ஆனதும் எடுத்துக் கொட்டுவாள். நான்காம் நாள் கூஜாவைக் கவிழ்த்து வைத்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களில் நீங்கள்தான் முதல் ஆள்."

மெனாஷே தலை குனிந்தார்.

"நாற்பது வருடம் வராதவர் இப்போது ஏன் வந்தீர்கள்?"

"போன கோடையில் லெபனான் போருக்கு என் மகனைக் கூப்பிட்டார்கள். அவன் வீடு திரும்பவில்லை. எங்கள் வழக்கப்படி ஏழு நாள் தரையில் உட்கார்ந்தோம். அக்கம்பக்கத்தார் அவித்த முட்டை கொண்டுவந்தார்கள். அமைச்சர்கூட வந்தார். எனக்கு வாசல் மேலேயே கண். அவனைக் கொன்றவன் வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். எல்லையைத் தாண்டி அவன் எப்படி வருவான்? வந்தால் அடிப்பேனா, முட்டையைக் கொடுப்பேனா என்றுகூடத் தெரியவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன்." மெனாஷே உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "ஏழாம் நாள்தான் உறைத்தது. என்னை எதிர்பார்த்து ஒரு வீடு இருக்கும் என்று."

சந்திலிருந்து ஒரு வண்டிக்காரனின் குரல் வந்தது. எள் ரொட்டி விற்கிறவன்தான். குரல் மெல்லத் தேய்ந்து மறைந்தது.

"மகன் பெயர் என்ன?" என்றார் அபூ மாஹிர்.

"ஊரி."

அபூ மாஹிர் ஆறிப்போன கோப்பையை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். வேறு கோப்பையில் சூடாக ஊற்றினார். தனக்கும் ஒன்றில் ஊற்றிக்கொண்டார். அந்த ஊரில் ஒரு மனிதரை அவர் மகனின் பெயரோடு அபூ, அதாவது தந்தை, என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். மகன் இறந்தபிறகும் அந்தப் பெயர் மாறுவதில்லை.

"குடியுங்கள், அபூ ஊரி."

மெனாஷே இரண்டு கையாலும் கோப்பையை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார். "அல்லாஹ் ஜமீலுக்கு அருள் செய்வானாக" என்று அரபியில் சொன்னார். சாவு வீட்டில் அதற்குமேல் பேசுவது வழக்கமில்லை. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார்.

அபூ மாஹிர் தன் கோப்பையை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு ஷேக்கின் பக்கம் திரும்பினார்.

"அன்று கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை."

"ஆமாம்."

"நானே சொல்லிவிடுகிறேன். எதுவும் முடியவில்லை. நான் வீட்டுக்குப் போகும்போது அந்த முனையில் அட்டையைக் காட்டவேண்டும். ராத்திரிச் செய்தியில் காஸாவில் இத்தனை பேர் என்பார்கள், அந்தப் பக்கம் இத்தனை பேர் என்பார்கள். அவர் மகன் வரப்போவதில்லை, என் அண்ணன் வரப்போவதில்லை. ஒரு கோப்பைக் காபி குடித்தோம். அவ்வளவுதான், ஷேக்."

"அவ்வளவுதான், உஸ்தாத்."

அபூ மாஹிர் கோப்பைகளைச் சேகரித்தார். ஷேக் கூஜாவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருக்கிறது போலிருக்கிறதே."

"இரண்டு மூன்று பேருக்கு இருக்கும்" என்று சொல்லிவிட்டு அபூ மாஹிர் தண்ணீர்ச் செம்போடு அடுப்புப் பக்கம் குனிந்தார்.

"அடுப்பை அணைக்காதீர்கள்" என்றார் ஷேக்.