வீராயி பார்க்காத சுனை

வீராயி ஒரு கரிச்சான் குருவி. ஆள் என்னவோ கையளவுதான். வாய் இருக்கிறதே, அது காடளவு!

ஆலங்குட்டைக் காட்டில் பாட்டு என்றாலும் அவள்தான், கதை என்றாலும் அவள்தான். பாட்டை அவளே கட்டுவாள், அவளே மெட்டுப் போடுவாள், அவளே பாடுவாள். கதை சொல்லும்போது கரடி மாதிரி உறுமுவாள், செந்நாய் மாதிரி சீட்டியடிப்பாள். குட்டிகளெல்லாம் அலறிக்கொண்டு தாயின் காலடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பேர் சும்மா வந்துவிடவில்லை. இறக்கை முளைத்த வருஷத்திலேயே, ஒரு காக்கா, மைனாவின் கூட்டில் முட்டை திருடியதைப் பார்த்துப் பாட்டாகக் கட்டிவிட்டாள். பாட்டு காடெல்லாம் பரவியது. காக்காவால் ஒரு மாதம் வெளியே தலைகாட்ட முடியவில்லை! அன்றிலிருந்து எங்கே குட்டி பிறந்தாலும் தாலாட்டுக்கு வீராயி, எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு வீராயி.

அவள் பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவள் கிளையில் வந்து உட்கார்ந்ததும் கூட்டம் ஒரே குரலாகக் கேட்கும்.

"யார் கண்டா?"

"நான் கண்டேன்!" என்பாள் வீராயி. அதற்கப்புறம்தான் பாட்டு. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் ஒரு தடவைகூடப் பொய்யாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. ஆலங்குட்டை வற்றிச் சேறாகிவிட்டது. நடுவில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். முறை வைத்து ஆளுக்கு நாலு வாய் குடித்தார்கள். உயிர் போகாது, அவ்வளவுதான்.

வீராயி வந்து பாட ஆரம்பித்தால் எல்லோரும் எழுந்து போனார்கள்.

"தொண்டை காய்ஞ்சு கெடக்கு, இவளுக்குப் பாட்டு ஒண்ணுதான் கேடு!" என்று காட்டுப்பன்றி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

புள்ளிமான் கூட்டத்தில் செவலை என்ற இளம் மான் மட்டும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வீராயி பாட்டு என்றால் உயிர். கூட்டத்தை நடத்தும் ஒச்சம்மாவின் ஒரே மகள் அவள். ஒருத்திக்காக எத்தனை நாள் பாடுவது? வீராயிக்கு மனசு வெந்துபோனது.

இதைச் சங்கிலி என்ற நரி மோப்பம் பிடித்துவிட்டான். பலே கைகாரன்!

"வீராயி அக்கா, ஒரு சங்கதி தெரியுமா?" என்று மரத்தடியில் வந்து நின்றான். "இடுக்குப்பாறைக்கு அந்தாண்ட தேன்சுனை நெறஞ்சு வழியுது. நானே குடிச்சிட்டு வர்றேன்!"

"அப்படியா! ஒச்சம்மாகிட்டப் போய்ச் சொல்லு, ஓடு!"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நரி வாயில நல்ல வார்த்தை வருமான்னு கேப்பாக. நீ பாடு அக்கா. இந்தக் காட்டையே காப்பாத்தின பாட்டுன்னு ஏழு தலைமுறை பேசும்!"

வீராயி இடுக்குப்பாறைப் பக்கம் பார்த்தாள். பறந்து போய்ப் பார்த்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் பாட்டு அவளுக்குள்ளே அப்போதே முளைவிட்டுவிட்டது. சூடு ஆறுமுன் பாடிவிட வேண்டும் என்று துடித்தாள். நாக்கு முந்திக்கொண்டால் புத்தி எங்கே கேட்கும்?

குட்டைக்கரையில் போய் உட்கார்ந்தாள். "தண்ணிப் பாட்டு! தண்ணிப் பாட்டு!" என்று கூவினாள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"யார் கண்டா?"

வீராயியின் கண் இடுக்குப்பாறைப் பக்கம் போனது. ஒரு கணம்தான்.

"நான் கண்டேன்!"

"இடுக்குப்பாறை தாண்டிப் போனா
ஈரக்காத்து வீசுதடி!
தேன்சுனையில தண்ணி நெறஞ்சு
தெளிஞ்சு நின்னு பேசுதடி!"

என்ன மெட்டு! என்ன குரல்! பன்றி தலையாட்டியது. செவலை துள்ளிக் குதித்தாள். ஒச்சம்மா சாமானியத்தில் எதையும் நம்புகிறவள் இல்லை. ஆனால் வீராயி கண்டேன் என்று சொன்ன பிறகு என்ன யோசனை? விடிந்ததும் மான் கூட்டம் கிளம்பிவிட்டது. மற்றவர்கள், மான்கள் போய்ச் சேர்ந்த சேதி வரட்டும் என்று இருந்துகொண்டார்கள். இருபத்திரண்டு மான்கள், அதில் ஏழு குட்டிகள். வழிகாட்ட முன்னால் சங்கிலி.

வீராயிக்குப் பெருமை பிடிபடவில்லை. தேன்சுனையைப் பார்த்து இரண்டாம் பாட்டு கட்டலாம் என்று உயரப் பறந்து முன்னால் போனாள்.

இடுக்குப்பாறையைத் தாண்டினாள். சுனை கண்ணில் பட்டது. அடியில் காய்ந்த பாசி. நடுவில் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை!

திரும்பிப் பார்த்தாள். மான்கள் நுழைந்து வர வேண்டிய இடுக்கின் இரண்டு பக்கமும் பாறைக்குப் பாறை சிவப்பாய் என்னவோ படுத்திருந்தது. செந்நாய்கள்! ஒன்று, இரண்டு, ஒன்பது! மூச்சுக்கூட விடாமல் காத்திருந்தன. அடப்பாவி சங்கிலி! மிச்சம் மீதி எலும்புக்காகவா இப்படிச் செய்தாய்?

வீராயி அம்பாய்ப் பாய்ந்து வந்தாள். கூட்டம் இடுக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. சங்கிலிக்கு அடுத்தபடி, மான்களுக்கெல்லாம் முன்னால் செவலை, வீராயி பாட்டைப் பாடிக்கொண்டே நடந்தாள்.

"நில்லுங்க! நில்லுங்க! சுனையில தண்ணி இல்ல! உள்ள செந்நாய் படுத்திருக்கு!"

ஒச்சம்மா நின்றாள். "நீதானேடி நேத்து கண்டேன்னு சொன்னே?"

"காணல அக்கா! நான் பாக்காமலே பாடிட்டேன்!"

"அப்ப நேத்துப் பொய் சொன்னியா, இல்ல இப்பப் பொய் சொல்றியா?"

"நேத்துத்தான் அக்கா! சத்தியமா நேத்துத்தான்!"

சங்கிலி சிரித்தான். "கேட்டீங்களா கூத்தை! பாட்டுக்காரிக்கு எப்பவும் ஊரு தன்னைச் சுத்தியே நிக்கணும். நீங்க தண்ணியைத் தேடிப் போயிட்டா இவ பாட்டைக் கேக்க யாரு இருக்கா? அதான் தடுக்குறா!"

"நீ வாயை மூடுடா!" என்று அவன் மேல் பாய்ந்தாள் வீராயி. ஆனால் கோபம் சாட்சி ஆகுமா? குட்டிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. திரும்பி நடந்தால் பாதி வழியிலேயே விழுந்துவிடும் போல இருந்தன.

வீராயிக்கு வேறு வழி தோன்றவில்லை. பக்கத்துப் புதருக்குள் புகுந்து செந்நாய் மாதிரி சீட்டியடித்தாள்.

ஒரு குட்டிகூட ஓடவில்லை.

"கதையில அடிக்கிற சீட்டிதானே இது? எங்க காதுக்குப் பழக்கம் இல்லையா?" என்றாள் ஒச்சம்மா. "போதும்டி உன் வித்தை. நட செவலை!"

எத்தனை வருஷமாய்ச் சேர்த்த பேர்! தேவைப்பட்ட நேரத்தில் ஒரு காசுக்கு உதவவில்லை.

இடுக்குக்கு முப்பது அடிதான் இருந்தது. வீராயி உள்ளே பறந்தாள். பெரிய பாறைக்குப் பின்னால் செந்நாய்களின் தலைவன் படுத்திருந்தான். அவன் தலையில் பாய்ந்து கொத்தினாள். அவன் அசையவில்லை. காதை அலகால் கவ்வி இழுத்தாள். இரை வருகிறது என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டான். வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. செவலையின் பாட்டும் கேட்டது. ஐயோ, உள்ளே வந்துவிட்டாளே!

வீராயி கண்ணைக் குறிவைத்துக் குத்தினாள். தலைவன் துள்ளி எழுந்து ஒரே கவ்வு! அவள் வாலில் பாதி அவன் வாயோடு போனது. வலி தாங்காமல் அவன் சீட்டியடித்தான். எட்டுப் பாறையிலிருந்தும் எட்டுச் சீட்டி பதில் வந்தது.

அது கதைச் சீட்டி இல்லை என்று குட்டிகளுக்குக்கூடத் தெரிந்தது.

"செந்நாய்! திரும்புங்க! ஓடுங்க!" என்று கத்தினாள் ஒச்சம்மா.

மான்கள் புழுதி பறக்கத் திரும்பின. ஆனால் முன்னால் போனவள் செவலை. குறுகிய இடுக்கில் அவளால் உடம்பைத் திருப்ப முடியவில்லை. "அம்மா!" என்று ஒரு சத்தம். அப்புறம் சத்தம் இல்லை.

இருபத்தொரு மான்கள் குட்டைக்குத் திரும்பின. "இருபத்திரண்டு வரும்னு சொன்னியே, எங்கடா மத்தது?" என்று செந்நாய்கள் சங்கிலியைத் துரத்தின. அவன் பிடித்த ஓட்டம், அந்தக் காட்டுப் பக்கமே திரும்பி வரவில்லை.

மறுநாள் காலையில் வீராயி குட்டைக்கரைக்கு வந்தாள். பாதி வாலோடு கோணிக்கோணிப் பறந்து வந்து உட்கார்ந்தாள். "யார் கண்டா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே அவள் ஒப்பாரி வைத்தாள்.

"காணாத சுனையைத்தான் கண்டேன்னு பாடினேன்
கண்ணான செவலையைக் காவு குடுத்து நிக்கிறேன்
நாய் கடிச்சுச் செத்தாள்னு நாலு பேரு சொல்வாக
நாய் கடிக்கும் முன்னாலே என் நாக்குத்தான் கடிச்சதம்மா!"

பாடி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. தலையைத் தூக்க அவளுக்கு முகமில்லை.

ஒச்சம்மா எழுந்து மரத்தடிக்கு வந்தாள். பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"உன்னை நான் மன்னிக்க மாட்டேன்டி வீராயி."

"வேண்டாம் அக்கா. நான் கேக்கவும் இல்ல."

"ஆனா இந்தப் பாட்டை நிறுத்திராதே. எங்க போனாலும் இதைத்தான் முதல்ல பாடணும். உன் பேரைச் சொல்லிப் பாடணும். எம் பொண்ணு பேரையும் சொல்லணும்."

ஆறாம் நாள் மழை கொட்டியது. குட்டை நிறைந்தது. குட்டிகள் பிழைத்துக்கொண்டன.

வீராயி அதற்கப்புறமும் எத்தனையோ பாட்டுக் கட்டினாள். தாலாட்டு கட்டினாள், சிரிப்புப் பாட்டும் கட்டினாள். அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் ஆள் விட்டு அழைத்தார்கள். முன்னைவிடப் பெரிய கூட்டம்! ஆனால் எந்தக் கரையில் போய் உட்கார்ந்தாலும் அவள் முதலில் பாடியது செவலையின் ஒப்பாரியைத்தான். கேட்டவர்கள் அழுதார்கள். குட்டிகள், "யாரு அந்தப் பாவி?" என்று கேட்டன. "நான்தான்" என்று ஒவ்வொரு தடவையும் தன் வாயாலேயே சொன்னாள்.

நாலு பேர் நம்பும் நாக்கு, தன் கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால், அதற்கு விலையாகப் போவது நம்பியவரின் உயிர்.