ஒட்டுற காரும் வெள்ளைச் சட்டை அண்ணனும்

ஒரு ஊர்ல ஒரு கார் இருந்துச்சாம். என்ன ஊரு? பண்ருட்டி. பஸ்ஸை விட்டு இறங்குறதுக்கு முன்னாடியே பலாப்பழ வாசனை மூக்குல ஏறுமே, அந்த ஊரு. ம் கொட்டு. நீ ம்னு சொன்னாத்தான் இந்தக் கார் நகரும்.

"ம்."

ட்ர்ர்ர்... நகர்ந்துடுச்சு பாரு. அந்தக் காரை வாடகைக்கு ஓட்டுறது அஞ்சலாட்சி. பதினாலு வருஷம் வெயில்லயே நின்ன கார். இன்ஜின் தங்கம். ஏசி போட்டா பல்லு கிடுகிடுங்கும். ஆனா உள்ள பூசியிருந்த கறுப்பு ரப்பர் இருக்கே, கதவுல கைவைக்கிற இடம், பிடி, கண்ணாடி ஏத்தி இறக்குற பொத்தான், அது எல்லாம் வெயில்ல உருகி உருகி, தொட்டா பிசுக்! எடுத்தா பச்சக்!

அப்புறம், அஞ்சலாட்சிக்கு ஒரு அண்ணன். பேரு தனவேலு. எப்பவும் வெள்ளைச் சட்டைதான். அவரோட பொண்ணு இலக்கியாவுக்கு நிச்சயதார்த்தம். தங்கச்சி கார்லதான் போய் இறங்கினாரு. இறங்கினா, சட்டைக் கையில முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் கன்னங்கரேல்னு ஒரு பட்டை! மாப்பிள்ளையோட அப்பா சும்மா இருப்பாரா? "என்ன சம்பந்தி, அண்டா கழுவிட்டு நேரா வர்றீங்களா?"ன்னாரு. சபையே கொல்லுன்னு சிரிச்சுது.

தனவேலுக்கு முகம் சுண்டிப்போச்சு. நிச்சயம் முடிஞ்சதும் வெளியில வந்தாரு. "அஞ்சல, இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது."

"ஒட்டுனதாலதானே அண்ணே வம்பே"ன்னு அஞ்சலாட்சி வாய் தவறிச் சொல்லிட்டா. அவ்ளோதான். அண்ணன் விறுவிறுன்னு நடந்து போய் பஸ் ஏறிட்டாரு.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை ஊருக்கெல்லாம் போச்சு, நலங்கு வெக்க வேண்டிய அத்தைக்கு மட்டும் வரல. இலக்கியாதான் போன் பண்ணினா.

"அத்தை, நான் மண்டபத்துக்கு உங்க கார்லதான் வருவேன். இல்லாட்டி வீட்டுலயே உக்காந்துக்குவேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"அண்ணன் என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. ஆனா பட்டுல ஒரு புள்ளி கறை பட்டாலும் உங்க அத்தை வாசலோட திரும்பிடணும்னாரு."

அஞ்சலாட்சி காலண்டரைப் பார்த்தா. கல்யாணத்துக்கு இன்னும் பத்தே நாள். ம்?

"ம்."

பண்ருட்டிக்காரி இல்லையா, பிசுக்குன்னா அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணுதான். பலாப்பழம் அறுக்கறதுக்கு முன்னாடி கையில தேங்காய் எண்ணெய் தடவிக்குவாங்க, பால் ஒட்டாது. இவளும் ஒரு கிண்ணம் எண்ணெயைக் கொண்டு வந்து தடவினா, தடவினா, கார் உள்ள பூரா தடவினா. பலாப்பாலுக்கு எண்ணெய் சரி. ரப்பருக்கு? ஊறி ஊறி அல்வாவாயிடுச்சு! ஒரு ஈ வந்து உக்காந்துது, எழுந்திருக்க முடியல.

"ஈ பாவம்."

பாவம்தான். துடைப்பக்குச்சியால மெதுவா எடுத்து விட்டா. அது காலை உதறிக்கிட்டு ங்ஙொய்ங்னு போயிடுச்சு.

அப்புறம் யோசிச்சா. அதிரச மாவு கையில ஒட்டினா அரிசி மாவு தொட்டுக்குவோம்ல? பொலபொலன்னு அரிசி மாவைத் தூவினா. அது சாம்பக் கலர்ல உருண்டை உருண்டையா திரண்டு நின்னுது. பக்கத்து வண்டி டிரைவர் காசிலிங்கம் எட்டிப் பார்த்தாரு. "என்னம்மா, கார்லயே கொழுக்கட்டை பிடிக்கிறியா?"

"ஆமாண்ணே, ரெண்டு வெந்துடுச்சு, திங்கிறீங்களா?"

வாய்தான் அப்படிப் பேசுச்சு. உள்ளுக்குள்ள அழுகை. சோப்புத் தண்ணி விட்டுக் கழுவினா. எண்ணெய் போச்சு, மாவு போச்சு, பிசுக்கு அப்படியே இருந்துச்சு. இதுலயே ஏழு நாள் போச்சு. களைச்சுப்போய் சீட்டுல சாஞ்சா. கியர் பக்கத்துல டம்ளர் வெக்கிற குழி ஒண்ணு. அதுல கை துடைக்கிற சானிடைசர் பாட்டில் வெச்சிருப்பா. மூடி சரியில்லாம சொட்டுச் சொட்டா ஒழுகுற பாட்டில். அந்தக் குழியில விரல் பட்டுது. பிசுக்குன்னு சத்தம் வரல. விரலை எடுத்தா, பச்சக்குன்னும் வரல. மறுபடி தொட்டா. வழவழன்னு காஞ்ச பிளாஸ்டிக்!

"அடி ஆத்தா! இது அழுக்கே இல்ல. காரோட தோலே பழசாகி உருகிக் கிடக்கு. நான் அது மேல மேல பூசிக்கிட்டிருந்திருக்கேன். சானிடைசர் ஒழுகின இடத்துல மட்டும் அது உரிஞ்சிருக்கு. மொத்தத்தையும் உரிக்கணும்!"

மெடிக்கல் ஷாப்புக்கு ஓடினா. ஊசி போடறதுக்கு முன்னாடி ஜில்லுன்னு துடைப்பாங்களே, அந்த ஸ்பிரிட்டை வாங்கினா, சானிடைசர்ல இருக்கிறதும் அதுதானே. காத்து வர்றதுக்கு நாலு கதவையும் திறந்து வெச்சா. பழைய பனியன் துணியை நனைச்சுத் தேய்ச்சா. சரக் சரக். துணி கறுப்பாச்சு. வேற துணி. சரக் சரக். ரெண்டு நாள், பதினெட்டு துணி. பளபளப்பெல்லாம் இல்ல, ஆனா கெட்டியா, காஞ்சு, சுத்தமா இருந்துச்சு.

ஒரே ஒரு நஷ்டம். பொத்தான் மேல இருந்த அம்புக்குறியும் சேர்ந்து அழிஞ்சுடுச்சு. எந்தப் பக்கம் அமுக்கினா கண்ணாடி ஏறும், எந்தப் பக்கம் இறங்கும்? அஞ்சலாட்சி தன்னோட ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தா. ஏத்தறதுக்குச் சிவப்பு, இறக்கறதுக்குப் பச்சை. முடிஞ்சுது வேலை. ம்? தூங்கிட்டியா?

"...ம்."

கல்யாணத்தன்னிக்குக் காலையில, சந்தனக் கலர் பட்டுல இலக்கியா வந்து உக்காந்தா. பக்கத்துல தனவேலு, புது வெள்ளைச் சட்டை. ரெண்டு கையையும் மடியிலயே கட்டி வெச்சுக்கிட்டாரு. நாலு நாளாத் தூங்காத மனுஷன். ஏசி குளுகுளுன்னு அடிச்சுது. கண்ணு சொருகிச்சு. முழங்கை மெள்ள மெள்ள நழுவி, கதவு மேல போய்ச் சாஞ்சுது. கொர்ர்ர்...

அஞ்சலாட்சி கண்ணாடியில பார்த்தா.

மண்டபம் வந்துது. டும் டும் டும். இலக்கியா இறங்கினா, புடவையில ஒரு புள்ளி இல்ல. தனவேலு இறங்கினாரு. கையை நீட்டிக்கிட்டு வந்த மாப்பிள்ளையோட அப்பா அப்படியே நின்னுட்டாரு. "சம்பந்தி, சட்டையில என்ன?"

வெள்ளைச் சட்டையில, முழங்கைகிட்ட, சிவப்பா ஒரு புள்ளி!

அஞ்சலாட்சி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. தனவேலு நகத்தால அந்தப் புள்ளியைச் சுரண்டினாரு. பிட்! கையோட வந்துடுச்சு. சட்டை பளிச்சுன்னு இருந்துச்சு.

"அய்யோ அப்பா, அத்தை பொட்டு!" இலக்கியா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சம்பந்தியும் சிரிச்சாரு. தனவேலு சிரிக்கல. பொட்டை விரல் நுனியில வெச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாரு. கதவுல உள்ளங்கையை நல்லா அழுத்தி வெச்சாரு. எடுத்தாரு. சத்தமே இல்ல.

"அஞ்சல, இது ஏத்தறதுக்கா, இறக்கறதுக்கா?"

"ஏத்தறதுக்கு, அண்ணே."

அதை இருந்த இடத்துலயே அமுக்கி ஒட்டினாரு. "ம், ஒட்டிக்கிச்சு. வண்டியை நிழல்ல விட்டுட்டுச் சீக்கிரம் உள்ள வா. அத்தை வராம எப்படி நலங்கு ஆரம்பிக்கிறது?"

ம்?

ம் வரலையே. சரி சரி. ட்ர்ர்... டக். வண்டி நிழல்ல நின்னாச்சு, கதையும் இறங்கியாச்சு. தூங்கு கண்ணு.