எல்லாம் ஒரே தலை

தணிகாசலத்துக்குத் தொப்பிப் பைத்தியம். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமா, அதுக்கென்ன இப்போ?" என்று சிரிப்பார். கண்ட தொப்பியும் கிடையாது, பட்டாளத்துத் தொப்பி மட்டும்தான்.

வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர்கள் உண்டு. தணிகாசலமும் வாலிபத்தில் ஆளெடுப்புக்குப் போய் வெயிலில் வரிசை கட்டி நின்றவர்தான். மார்பளவு பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் மின்வாரியத்தில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். இடையில் இருந்த காலமெல்லாம் பழைய சாமான் கடைகளில் தொப்பி பொறுக்கினார். மாடி அறை முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். ஒன்றையாவது தலையில் வைத்துப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை. அந்த யோக்கியதை தனக்கு இல்லை என்பார்.

அவருடைய குரு திலகவதி அம்மா. ஊருக்கு வெளியே கஞ்சி மடம் நடத்துகிறவர், இவருக்கு மகள் வயதுதான் இருக்கும். "அந்தப் பொண்ணு காலிலேயா போய் விழறே?" என்று நண்பர்கள் பேசிய கேலியைத் தணிகாசலம் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மனசு கலங்கினால் நேரே மடத்துக்குத்தான் வருவார்.

அன்றைக்கும் வந்தார். மத்தியானக் கஞ்சி ஊற்றி முடித்து, அம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு வழி சொல்லணும்."

"உட்காருங்க ஐயா. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"என் வீட்டு வாசல்ல ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க. எந்திரிக்க மாட்டேங்கறாங்க."

வந்திருந்தவள் கெங்கம்மா. அவள் மகன் வேதகிரி வடக்கே காவலுக்குப் போன இடத்தில் பனிச்சரிவில் போய்விட்டான். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாவிட்டால் அவன் உடுத்தியதை வைத்தாவது காரியம் செய்துவிடலாம் என்றார்கள் பங்காளிகள். அவனுடைய பச்சைத் தொப்பி ஒன்று, கடைசி விடுப்பில் வந்தபோது விட்டுப் போனது, வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. ஆனால் இவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் பெட்டியைத் தூக்கிப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டான். படுபாவி! கடைக்காரன் கையைக் காட்டியது தணிகாசலத்தை. அந்தத் தொப்பியோடு வேறு சில பச்சைத் தொப்பிகளையும் சேர்த்து அவர்தான் வாங்கியிருந்தார். தொப்பி கிடைக்காமல் காரியம் செய்ய விடமாட்டேன் என்று கெங்கம்மா பிடிவாதமாக இருந்தாள். பிள்ளை போனதிலிருந்து அந்த வீட்டில் நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் முடியவில்லை.

"மாடிக்குக் கூட்டிட்டுப் போய் அலமாரியைத் திறந்து விட்டேன்மா. எல்லாம் பெரட்தான், விளிம்பில்லாத கம்பளித் தொப்பி. பார்க்க ஒண்ணுபோலத்தான் இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டேன். 'கண்ணால எதுக்குப் பார்க்கணும்? சனிக்கெழமை தவறாம எண்ணெய் வெச்ச தலை. எங்கைக்குத் தெரியாதா?'ன்னாங்க. சின்ன வயசுல கெணத்து மேட்டுல விழுந்ததுல அவனுக்கு இடது காதுக்கு மேல ஒரு பள்ளமாம்."

"தொட்டுப் பார்த்தாங்களா?"

"ஒண்ணு விடாம உள்ளே கையை விட்டுப் பார்த்தாங்க." தணிகாசலம் தன் கையைக் குவித்துக் காட்டினார். "கடைசியில என்னைத் திரும்பிப் பார்த்து, 'இன்னாய்யா இது, எல்லாம் ஒரே ஆளு தலையா கீது. யாரு அந்த ஆளு?'ன்னாங்க."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினார். "யாரு?"

"நான்தான்மா."

பட்டாளத்தில் புது பெரட் கொடுத்ததும் சிப்பாய் அதை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, ஈரத்தோடு தலையில் வைத்துக்கொள்வான். அது தலையிலேயே காய வேண்டும். காய்ந்தால் அந்தத் தலைக்கு மட்டும்தான் சரியாக உட்காரும், அடுத்தவனுக்கு உட்காராது. தணிகாசலத்திடம் வந்து சேர்ந்தவை ஆளுக்கொரு கோணலாக இருந்தன. அவருக்குக் கோணல் ஆகாது. தச்சரிடம் ஒரு மரக்கட்டை செய்யச் சொன்னார். அளவு என்ன என்று தச்சர் கேட்டதற்கு, பக்கத்தில் வேறு தலை இல்லாததால் தன் தலையையே காட்டினார். ஒவ்வொன்றையும் ஆவியில் காட்டி, அந்தக் கட்டையில் மாட்டி, நீவி நீவிச் சீராக்கினார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"ஒரு தொப்பி மட்டும் அடங்கவே இல்லைன்னு ஞாபகம் இருக்கும்மா. அது எதுன்னுதான் தெரியல. அவ்வளவு ஒழுங்கா பண்ணிட்டேன்."

"இப்ப என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

"ஏதாவது ஒண்ணை எடுத்து, இதுதான்னு சொல்லிடவா? அவங்க மனசு ஆறுமே."

"உங்க வாய் சொல்லிடும். அவங்க கை ஒத்துக்கணுமே?"

தணிகாசலம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்போ அந்தப் பச்சை வரிசை முழுசையும் கொடுத்துடறேன். அதுல ஒண்ணு அவனோடதுதானே?"

"நல்லா இருக்கே! ஒத்தைப் பிள்ளையைக் கேட்டு வந்தவங்ககிட்ட பட்டாளத்தையே தூக்கிக் கொடுக்கறீங்களா?"

அம்மா மறுபடி அண்டாவைத் தேய்க்கத் தொடங்கினார்.

"வேற வழியே இல்லையா ஐயா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு இருக்கு. ஆனா அது நடக்காது."

"சொல்லுங்க."

"மறுபடியும் வெந்நீர்ல முக்கினா கட்டையோட வடிவம் விட்டுப் போயிடும். முதல்ல எந்தத் தலையில காய்ஞ்சுதோ அந்த வடிவம் கொஞ்சம் திரும்பும்பாங்க. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். ஆனா சாயம் இறங்கிடும், கம்பளி சுருங்கிடும். சென்னையில ஒரு அருங்காட்சியகத்துல என் தொப்பி எல்லாத்தையும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்கம்மா. தனி அறை, கதவுல என் பேரு. ஒரு வரிசை வீணாப்போனாக்கூட வேண்டாம்னுடுவாங்க. என் ஆயுசு முழுக்கச் சேர்த்தது."

"வழியைக் கையில வெச்சுக்கிட்டா என்கிட்ட வழி கேட்டு வந்தீங்க?"

தணிகாசலத்துக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு வயதான மனுஷர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தேய்த்த அண்டாவை அடுப்பில் ஏற்றினார். தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார். விறகைத் தள்ளி ஊதிவிட்டார்.

"தண்ணி சூடேறட்டும். கொண்டுவர்றதும் வராததும் உங்க இஷ்டம் ஐயா. வராட்டி நாளைக்குக் கஞ்சிக்கு ஆகும்."

அவர் எழுந்து போனார்.

தண்ணீர் தளதளவென்று கொதித்து, அம்மா விறகை வெளியே இழுத்துப் போட்ட பிறகுதான் ஆட்டோ வந்தது. முதலில் கெங்கம்மா இறங்கினாள். பின்னால் தணிகாசலம், கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு. பெட்டியைக் கீழே வைத்து மூடியைப் பிரித்தார். பிறகு முதல் தொப்பியை எடுத்து, சின்னத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. தண்ணீர் பச்சையாக மாறியது.

ஊறியதும் ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்து நீட்டினார். கெங்கம்மா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டாள். தலையாட்டிவிட்டுக் கீழே வைத்தாள். இன்னொன்று. அதுவும் இல்லை. வைத்தவை மண்ணில் சுருங்கிக் கிடந்தன. அண்டாவில் இருந்தவை குறைந்துகொண்டே வந்தன. தணிகாசலத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாம் போய், அவனும் இல்லையென்று ஆகிவிட்டால்?

ஒரு தொப்பிக்குள் போன கை வெளியே வரவில்லை.

விரல்கள் உள்ளே மெதுவாக நகர்ந்தன. ஓரிடத்தில் நின்றன. கெங்கம்மாவின் வாய் கோணியது.

"வந்துட்டியாடா கிரி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. இத்தனை காலம் அடக்கிவைத்திருந்த ஒப்பாரி. ஈரத் தொப்பியை மாரோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். ரவிக்கையெல்லாம் பச்சை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார்.

அழுது ஓய்ந்ததும் எழுந்தாள். தொப்பியை முந்தானையில் பொதிந்து இடுப்பில் செருகினாள். "நாளைக்கே காரியம் வெச்சுடறேன். ரெண்டு பேரும் வந்துடுங்க" என்றாள். பிறகு விடுவிடுவென்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

தணிகாசலம் கீழே கிடந்தவற்றைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார். ஒன்றுகூட இனி எந்த அலமாரிக்கும் ஆகாது. ஆனாலும் அவரை உறுத்தியது அதுவல்ல.

"அம்மா."

"சொல்லுங்க."

"அதை நான்தானே பிழிஞ்சேன். பிழிஞ்சப்போ உள்ளே நல்லாத் தடவிப் பார்த்தேன். எனக்கு ஒரு பள்ளமும் தட்டுப்படலையேம்மா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நெசமாவே அது அந்தப் பையன்தானா?"

அம்மா அண்டாவைச் சாய்த்துப் பச்சைத் தண்ணீரை மண்ணில் ஊற்றினார்.

"உங்க அலமாரியில இருந்தப்போ அது யாரா இருந்துச்சு ஐயா?"