டப்பாவில் வெட்டிய பெயர்

"கதவைச் சாத்திட்டாங்க, டீச்சர்."

அருமைநாயகம் வாசலிலேயே நின்று சொன்னார். வயது ஐம்பத்தொன்று. புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தது நாற்பத்தைந்தில். டீச்சர் குழல்வாய்மொழி அவரைவிடப் பத்தொன்பது வயது இளையவள்.

"எந்தக் கதவை, அண்ணாச்சி?"

"களஞ்சியத்துக் கதவை."

புரோகிராம் எழுதுகிறவர்கள் தாங்கள் செய்த பேக்கேஜ்களைப் பொதுவில் வைக்கும் இடம் அது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். அருமைநாயகமும் ஒன்று வைத்திருந்தார். டிரிப்ஸ் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கணக்குப் போட்டுத் தரும்.

காலையில் அவர் வைத்த புதிய பதிப்பில் பிழை. இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் சொட்டு இரட்டிப்பாக வந்தது.

"வாபஸ் வாங்கியாச்சா?"

"உடனே வாங்கிட்டேன். அதுக்குள்ள எடுத்துட்டுப் போனவங்க இருக்காங்களே. அவங்க யாரு எவருன்னு களஞ்சியத்துக்கிட்டதான் கேக்கணும். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில ஷிப்ட் மாறும். புதுசா வர்றவங்க அதை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க."

மணி நாலு.

"உங்களோடதை உள்ள சேத்திருக்கான்னு எத்தனை பேக்கேஜைப் பாக்கணும்?"

"ரெண்டாயிரத்து எழுநூறு. லைப்ரரி வச்சுத்தான் கேட்டேன்."

களஞ்சியத்துக்குப் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்கி வருவதற்கென்றே யாரோ எழுதி வைத்த லைப்ரரி.

"ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் ஒரு செகண்டு விடணும்னு சட்டம். விட்டேன், டீச்சர். ஒரு எடத்துலகூடக் குறைக்கல. பத்தாவது கேள்வியில வெளிய தள்ளிட்டான். ஒழுங்கா நடந்தவனுக்கு இதுவா மரியாதை?"

"நீ யாரு, உன்னை எங்க பிடிக்கலாம்னு லைப்ரரி முதல்ல கேக்குமே?"

"கேட்டுச்சு. லைப்ரரியோட குறிப்புல மாதிரிக்கு ஒரு பேரும் விலாசமும் இருந்துச்சு. அப்படியே எடுத்துப் போட்டுட்டேன்."



மேஜை ஓரத்தில், படிக்க வந்தவர்கள் காலையில் வைத்த ஐந்து எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. குழல்வாய்மொழி ஒன்றை இழுத்துத் திறந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"டீச்சர், அது என்னோடது."

"அப்படியா? அஞ்சும் ஒரே மாதிரியில்ல இருக்கு."

"மூடியைப் பாருங்க. பேர் வெட்டியிருக்கு."

பார்த்தாள். ஆ. அருமைநாயகம், சமாதானபுரம்.

"பாத்திரக் கடையில மாதிரிக்கு ஒண்ணு வச்சிருப்பானே, எழுத்து எப்படி விழும்னு காட்ட. அதுல என்ன பேர் இருந்துச்சு?"

"எவன் பேரோ. அதைப் போயி என் டப்பாவுல வெட்டுவாங்களா, கூறுகெட்ட—"

பாதியில் நிறுத்தினார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப, அந்த மாதிரி வரியைப் போட்டவன் நான் ஒருத்தன் இல்ல."

"இட்லி நல்லா இருக்கு" என்றாள்.

"எவனோ அதே வரியைப் போட்டு, ஒரு செகண்டும் விடாம கதவை இடிச்சிருக்கான். அவனும் நானும் அங்க ஒரே ஆளு."

மடிக்கணினியைத் திறந்து மாதிரி வரியை அழித்தார். தன் பெயரை அடிக்கப் போனார். விரல் நின்றது. குழந்தைகளுக்கான கணக்கில் பிழை விட்டவன் பெயர் அது. ஒவ்வொரு கேள்வியிலும் களஞ்சியத்துக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள்.

அடித்தார். ஊரை அடித்தார். மின்னஞ்சலை அடித்தார். கேட்காத செல்போன் எண்ணையும் சேர்த்தார்.

முதல் பதில் வந்தது. ஒரு செகண்டு. அடுத்தது.

"திறந்துட்டாங்க!"

மணியைப் பார்த்தார். நாலு இருபது. மொத்தம் நாற்பத்தைந்து நிமிடம் ஆகும்.

"டீச்சர், இந்த ஒரு செகண்டைப் பாதியாக்கிட்டா—"

அவள் டப்பாவின் மூடியை அவர் பக்கம் நகர்த்தினாள். பெயர் மேலே தெரிந்தது.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையால் போனை எடுத்தார்.

பதினேழாவது பதிலில் முதல் ஆள் அகப்பட்டான். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மென்பொருள் செய்து கொடுப்பவன். அவன் பேக்கேஜில் பெயரோடு போட்டிருந்த எண்ணை அருமைநாயகம் அழுத்தினார்.

"தம்பி, காலையில வந்த சொட்டுக் கணக்குப் பதிப்பை உடனே நிறுத்துங்க. சின்னப் பிள்ளைகளுக்கு ரெட்டிப்பாக் காட்டுது."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். யாரையோ கூப்பிடும் சத்தம். பிறகு குரல் திரும்பி வந்தது.

"நிறுத்தச் சொல்லிட்டேன் சார். நீங்க யாரு பேசுறது?"

திரையில் அடுத்த பதில் வந்து நின்றது.

"அதைச் செஞ்சவன்" என்றார். "பேரை எழுதிக்குங்க."